வெர்னா வாங்கிக் கொடுத்த பேனா

எங்கள் ஊரில் அரசியல் நடப்பது குப்பைக் கிடங்கில்தான். சனிக்கிழமை காலை ஊரே குப்பை கொட்ட வரும். ஓட்டுக் கேட்பவனும் டோனட் பெட்டியோடு வந்து நிற்பான். எனக்கு அங்கே பாட்டில் பிரிக்கும் வேலை. எல்லார் பேச்சும் காதில் விழும்.

வெர்னா இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பனி உறைந்த ரோட்டில் ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் கொண்டு சேர்த்தவள். வண்டிக்குத்தான் பிரேக் போடுவாள், வாய்க்குப் போடமாட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தேர்தல் நெருங்கிய சனிக்கிழமைகளில், என் பக்கத்தில் மேசை போட்டு நின்றாள். அதுவரை மாநில பட்ஜெட் வந்தால், நாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆளுநர் முழுசாகக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டும். வேண்டாத செலவை மட்டும் பேனாவால் அடிக்க அவருக்கு அதிகாரம் கொடுக்கலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு. வெர்னா 'ஆம்' கட்சி.

"மார்ச் மாச ஊர்க்கூட்டத்துல நாம என்ன பண்றோம்? ஒவ்வொரு செலவா வாசிச்சு, கையத் தூக்கி, வேண்டாததை அடிக்கிறோம்ல? அவரும் அடிக்கட்டுமே!"

நியாயமாகத்தான் பட்டது. நானும் 'ஆம்' போட்டேன். ஜெயித்தோம்.

அதே குளிர்காலத்தில் அவள் கணவர் ஆன்செலுக்குச் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் அறுபது மைல் தள்ளிப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வெர்னாவுக்கோ கண் மங்கி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. மாநிலம் விடும் வேன்தான் கதி. அடுத்த பட்ஜெட்டில் அந்த வேனுக்குப் பணம் சேர்த்தவன் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் கார்ல்டன். அவள் பேருந்தில் மூக்கு ஒழுக ஏறி இறங்கியவன். நன்றி சொல்லி, ஆப்பிள் வைத்த 'பை' பலகாரம் சுட்டுக் கொடுத்தாள்.

ஆளுநர் முதல் வேலையாக வேனை அடித்தார்.

சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் அதை மீட்கலாம். ஒரே ஒரு ஓட்டில் போனது. யார் எப்படிப் போட்டார்கள் என்று பத்திரிகையில் பட்டியல் வந்தது. வெர்னாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். கார்ல்டன், மீட்க வேண்டாம் என்ற பக்கம்.

அந்தச் சனிக்கிழமையும் பயல் டோனட்டோடு வந்து நின்றான்.

"நான் சேர்த்தேன் வெர்னாம்மா, அவர் அடிச்சுட்டாரு. நான் என்ன பண்ண?"

"அடிப்பாருன்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

பெட்டியைப் பார்த்தான். "நம்ம ஊர்ப் பாலத்துக்கு நான் கேட்ட காசை அடிக்காம விட்டுவெச்சாரு. அதுக்குப் பதிலா வேனை விட்டுக்கொடுத்தேன். சட்டமன்றத்துல அப்படித்தான் நடக்கும்."

"ஊர்க்கூட்டமா இருந்தா ஆன்செல் எதிர்ல உக்காந்திருப்பாரு. அவர் மூஞ்சியப் பாத்துக்கிட்டு கையத் தூக்கியிருப்பியா நீ?"

"ஒரு டோனட் எடுத்துக்கோங்க" என்றான், வெட்கங்கெட்டவன்.

அவள் எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "எதிர்ல நிக்காமலே அடிக்க நான்தான் பேனா வாங்கிக் கொடுத்திருக்கேன்." சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான். அந்தப் பயலுக்கும் ஓட்டுப் போட்டவன் நான்.

இப்போது திங்கட்கிழமை பாதிரியார் காரில் ஆன்செலை அழைத்துப் போகிறார். வெள்ளிக்கிழமை நான். புதன்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவர் வீங்கிய காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார்.