குளித்த கைக்கு இலுப்பெண்ணெய்

ரூமானாவை நான் முதன்முதலாகப் பார்த்தது பெரிய மார்க்கெட்டின் மீன் வரிசையில். ஐஸ் தண்ணீர் ஓடும் தரையில் படாமல் பர்தாவை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் மீன் வெட்டும் அஞ்சலாட்சியின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேகை பாக்கறியாம்மா? எனக்கு எப்ப மீன் கெடைக்கும்னு அதையும் பாத்துச் சொல்லிடு" என்றார் பின்னால் நின்றவர். வரிசையே சிரித்தது. ரூமானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸிலும் உப்பிலும் ஊறிய அந்தக் கையில் விரல் மடிப்பெல்லாம் வெடித்து, உள்ளே சிவப்பு தெரிந்தது.

"இத வச்சிக்கினு எப்படிக்கா அருவாமனையில உக்கார்றீங்க?"

"உக்காராம? மீன் தன்னத்தானே வெட்டிக்குமா, பாயம்மா?"

மறுநாளே ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த டப்பாவுக்குள் இருந்தது அவரே கடைந்த க்ரீம். கல்யாணத்துக்கு முன் ஓர் அழகுசாதனக் கடையில் வேலை பார்த்தபோது, தனக்கென்று எடுத்த க்ரீமில் என்ன கொழுப்பு கலந்திருக்கிறது என்று கேட்டார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. சரக்கு கொண்டுவந்தவரோ, "ஃபாரின் சரக்கும்மா, எல்லாம் நல்லதாத்தான் இருக்கும்" என்றார். எந்த விலங்கின் கொழுப்பென்று தெரியாததைப் பூசிக்கொண்டு தொழுகைக்கு நிற்க ரூமானாவுக்கு மனசு ஒப்பவில்லை. அன்றிலிருந்து செடியும் மரமும் தருவது மட்டும்தான். கற்றாழைச் சோறு தோலுக்கு ஈரம் கொடுக்கும். அந்த ஈரம் ஓடிவிடாமல் மேலே மூடிக்கொள்வது, குளிர்ந்தால் வெண்ணெயாய் உறையும் இலுப்பெண்ணெய். அதன் நெடியை மறைக்கக் கொஞ்சம் வெட்டிவேர்த் தைலம். எங்கள் ஊர்ப்பக்கம் குதிகால் வெடிப்புக்கு இலுப்பெண்ணெய் தடவாத வீடு கிடையாது. அதில் ஒரு தப்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அஞ்சலாட்சியின் கை ஆறத் தொடங்கியது. டப்பா தீர்ந்ததும் அடுத்ததைக் கொடுக்க ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவர் முஆஸின் ஸ்கூட்டரில் வைத்திக்குப்பத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனார் ரூமானா. வாசலிலேயே அந்த வாசனை வந்தது. தன் அடுப்படியின் வாசனை. மாடத்தில் அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்ன எண்ணெய்க்கா இது?"

"இலுப்பெண்ணெய். படகு கவுந்தப்போ என் புள்ளயத் திருப்பிக் குடுத்தா அம்மா. அதுலேர்ந்து வெள்ளிக்கெழமன்னா இதான். ஒரு சொட்டு கையில பட்டாக்கூடப் பொடவையில தொடைக்க மாட்டேன், தலையில தொடச்சிக்குவேன்" என்று சிரித்தார் அஞ்சலாட்சி.

ரூமானா டப்பாவைக் கொடுக்காமலே வாசலுக்கு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்ட முஆஸ், "கை ஆறிக்கினு வருது. அவங்களுக்கா தெரியப்போவுது? சும்மா இரு" என்றார்.

"எனக்குத் தெரியாம ஒருத்தன் கலந்து குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?"

முஆஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ரூமானா திரும்ப உள்ளே போனார்.

க்ரீமிலும் அதே எண்ணெய்தான் என்று கேட்டதும் அஞ்சலாட்சி விளக்கைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாவுக்கு ஏத்தற எண்ணெய மீன் கையில தேய்க்க வச்சிட்டியே, பாயம்மா. நான் அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?" புது டப்பாவை வாங்கிக்கொள்ளவில்லை.

கை மறுபடி வெடித்தது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார் அஞ்சலாட்சி. இலுப்பெண்ணெயை விட்டுவிட்டு வெறும் தேங்காயெண்ணெயில் செய்து கொண்டுபோனார் ரூமானா. ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிஷத்தில் கழுவிக்கொண்டு போனது. அடுத்தது ஆமணக்கெண்ணெய். அது பிசுபிசுவென்று இருந்தது.

"செதில் பூரா ஒட்டிக்கிச்சி. வாங்க வர்றவங்க என் கையையே எட போடச் சொல்றாங்க" என்றார் அஞ்சலாட்சி. திட்டாமல் கேலி பேசியதே ரூமானாவுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. ஆனால் அந்தத் துணியில் ரத்தக்கறை. இனி என்னதான் செய்வது என்று தெரியாமல் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அஞ்சலாட்சியே தேடி வந்தார், மீன் கூடையோடு.

"அம்மாகிட்ட பூ வச்சிக் கேட்டேன். வெள்ளப்பூ வந்தா சரின்னு அர்த்தம். 'இந்த எண்ணெய மீன் கையில தடவட்டுமா தாயே'ன்னேன். செவப்பு வந்துச்சி. ஒரு வாரம் மனசே சரியில்ல. அப்புறந்தான் தோணுச்சி, அவ வேணாம்னது மீன் கைய. மருந்த வேணாங்கலியே! நேத்து திரும்பப் போயி, 'குளிச்சி முழுவிட்டு வந்த கையில தடவட்டுமா'ன்னு கேட்டேன்."

"என்ன வந்துச்சிக்கா?"

"வெள்ளப்பூவுதான். எடு அந்தப் பழைய டப்பாவ!"

தினமும் ராத்திரி குளித்த ஈரத்தோடு அஞ்சலாட்சி தடவிக்கொண்டார்; விடியும் வரை அந்தக் கை வேறு எதையும் தொடவில்லை. மார்க்கெட்டில் தடவித் தடவிக் கழுவியதைவிடச் சீக்கிரமாகவே வெடிப்பு மூடியது. ரூமானாவுக்கும் அதில் ஒரு பாடம் இருந்தது: எதைத் தடவுவது என்பதையே யோசித்தவர், எப்போது தடவுவது என்பதை யோசிக்கவே இல்லை.

இப்போது ரூமானா மூலக்குளத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் விற்பதற்கு க்ரீம் கடைகிறார். டப்பாவின் மேல் பெயருக்கு முன்னால் 'இலுப்பெண்ணெய் கலந்தது' என்றும், அடியில் 'குளித்தபின் ஈரத்தோடு தடவவும்' என்றும் அச்சடித்திருக்கிறது. அஞ்சலாட்சி பெரிய மார்க்கெட்டில் அதே இடத்தில் மீன் வெட்டுகிறார். விரலில் துணி இல்லை.