ஒரே இழுப்பில் மை

மணப்பெண் அலங்காரத் தொழிலில் எதையும் சமாளித்துவிடலாம், கண்ணுக்கு மை கீறுகிற கை நடுங்கினால் மட்டும் சமாளிக்க முடியாது.

எனக்குத் தைரொய்ட் வருத்தம். உடம்பே தன் கழுத்துச் சுரப்பியைச் சீண்டி, ஓயாமல் வேலை வாங்குகிற வகை. நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், விரல் ஆடும். மருந்துக் குளிசையை நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. இனிச் சுரப்பியையே எடுத்துவிடுவோம் என்கிறார் டொக்டர். இந்த வருத்தத்தோடு வேலைக்குப் போகிறவர்களே, மிச்சம் உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

கொக்குவில் பொம்பிளை

முந்தி நான் நின்றபடி, ஊர்க்கதை கதைத்தபடி, ஒரே இழுப்பில் மை கீறுவேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது. கொக்குவிலில் ஒரு கலியாண வீட்டில் முழங்கையைக் கதிரையின் கைப்பிடியில் ஊன்றி, மூச்சையும் பிடித்துக்கொண்டு கீறினேன். மை காதுப் பக்கம் ஓடியது. துடைத்தேன், திரும்பவும் ஓடியது. கலியாணப் பொம்பிளை கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"கலியாணம் எனக்கு அக்கா. நீங்கள் ஏன் பதறுறியள்?"

முழிக்கிற கண்

இந்த வருத்தம் கண்ணையும் வெளியே தள்ளிவிடும். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் தாய் கூறைச்சேலைத் தட்டோடு உள்ளே வந்தார். நான் அன்பாகத்தான் சிரித்தேன். அவர் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"நாங்கள் என்ன குறை வைச்சனாங்களெண்டு உவ இப்பிடி முறைக்கிறா?"

மச்சாள்

என்னோடு சேலை உடுத்திவிட வருகிறவள் என் மச்சாள். மை வேலையையும் அவளிடம் கொடுத்தேன். நான் பின்னால் நின்று பூச் சூட்டிக்கொண்டு, அவள் கீறுவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். நன்றாகத்தான் கீறுகிறாள். எனக்குத்தான் பொறாமையாக இருக்கும். ஒரு நாள் வழியில், ஒப்பரேசன் செய்தால் கழுத்தில் தழும்பு விழுமே என்று அவளிடம் புலம்பினேன்.

"தழும்பெண்டால் பவுடராலை மறைக்கலாம். ஆடுற கையை என்னத்தாலை மச்சாள் மறைக்கிறது?"

உரும்பிராய்க் கலியாணம்

பொம்பிளை கனடாவில் இருந்து வந்தவள். அட்டியல் பூட்டும்போதுதான் கண்டேன், கழுத்தின் அடியில் மெல்லிய தழும்பு. "தைரொய்டோ?" என்றேன். "ஓம், எடுத்தாச்சு" என்றாள். எனக்கு வாய் நிற்கவில்லை. நொந்ததா, குரல் மாறினதா, கை நடுக்கம் நின்றதா என்று அடுக்கிக்கொண்டே போனேன். குரல் கொஞ்ச நாள் கரகரத்ததாம், தினமும் ஒரு குளிசை போடுகிறாளாம், கை ஆடுவதேயில்லையாம். நீட்டியும் காட்டினாள். மருதாணிக் கை, அசையவேயில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நீங்கள் கேட்டாப்பிறகுதான் எனக்கே உது ஞாபகம் வருது. கெதியா மையைக் கீறுங்கோ, ஐயர் கூப்பிடுறார்."

அன்றைக்கும் மச்சாள்தான் கீறினாள், ஆனால் நான் அடுத்த கிளினிக்கில் ஒப்பரேசனுக்கு டொக்டரிடம் ஓமென்று சொல்லிவிட்டேன்: என் கழுத்தில் எத்தனை கோடு விழுந்தாலும் விழட்டும், ஒரு பொம்பிளையின் கண்ணில் திரும்பவும் ஒரே இழுப்பில் ஒரு கோடு கீறினால் எனக்குப் போதும்.