ஊர்ச் செய்தியில் ஏழுமலை

இன்று காலை எங்கள் தெருவின் வாட்ஸப் குழுவில் ஒரு பெரியவரின் படம் வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இவரைக் காணவில்லை, பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். இன்னொருவர் கைதட்டலைப் போட்டார், பழக்கதோஷம். பிறகு ரோஜாப் பூவோடு காலை வணக்கங்கள் வந்தன, கூழ் ஊற்றும் அழைப்பு வந்தது, யார் வீட்டிலோ காதுகுத்து. நான் காபி குடித்து முடிப்பதற்குள் அந்த மனிதர் திரையில் எங்கோ மேலே போய்விட்டார். விரலால் தள்ளித் தள்ளி அவரைத் தேடிப் பிடித்தேன். பிடித்து என்ன செய்ய? எனக்கும் அவரைத் தெரியாது.

ஒரு காலத்தில் இந்த வேலையை நான் சம்பளத்துக்குச் செய்தேன். சிரிக்காதீர்கள். கச்சிராயபாளையத்தில் அப்போது ஒரு கேபிள் டிவி இருந்தது. கல்லூரியை முடித்துவிட்டு, வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அதில் மாலைதோறும் ஊர்ச் செய்தி வாசித்தேன்.

உரக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பூச்சி மருந்து வாசனை, மூடினால் புழுக்கம். மைக்கில் சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார் முதலாளி. அவரை ஊரே கேபிள் அண்ணன் என்றுதான் கூப்பிடும். முகத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கும். பின்னால் அருவி வரைந்த திரை. பெரிய சேனல்களில் அழகான பெண்கள் செய்தி வாசிப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பூச்சி மருந்துதான் மணக்கிறது.

செய்தி என்றால் டில்லிச் செய்தி இல்லை. கூலிங் கிளாஸ் போட்ட கைக்குழந்தைகளின் பிறந்தநாள், திரௌபதி அம்மன் கோயில் தீமிதி, மாட்டுக்குத் தடுப்பூசி, கபடிப் போட்டி, இரங்கல். நாளை மின்தடை என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். பஸ்ஸில் ஏறினால், "டிவி பொண்ணு வருது, எடம் குடு" என்பார்கள். எனக்கு அப்போது தலைகால் புரியாது.

அப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு மாலையில்தான் பச்சையம்மா படியேறி வந்தாள். களையெடுத்துவிட்டு நேராக வந்திருந்தாள், காலில் சேறு காயவில்லை. முந்தானையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. அதிலிருந்தவரின் தோளில் யாருடைய கையோ மட்டும் மிச்சமிருந்தது.

"எங்க வூட்டுக்காரரும்மா. பேரு ஏழுமலை. கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவங்க எல்லாரும் வந்துட்டாங்க. இவரு மட்டும் வரல."

ரயிலில் தங்களோடுதான் ஏறினார், ஈரோட்டில் பார்த்தால் ஆள் இல்லை என்று மேஸ்திரி சொன்னாராம். போலீஸிலும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

கேபிள் அண்ணன் படத்தை வாங்கிக்கொண்டார். அவள் அருவித் திரையையும் கேமராவையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இது கேரளால தெரியுமாங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கோமுகி டேமத் தாண்டினாவே நம்ம ஒயர் கெடையாதும்மா. மலை மேலகூட ஏறல."

"போவட்டும். இந்த ஊரு ஜனங்க பாப்பாங்க இல்ல? அது போதும்."

எனக்குப் புரியவில்லை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினாள்.

"ரயில்ல ஏறினாருன்னு சொன்ன அதே மேஸ்திரி இப்ப ஊருக்குள்ள இன்னா சொல்லிக்கினு திரியறாரு தெரியுமாம்மா? அங்க ஒருத்தியச் சேத்துக்கினு தங்கிட்டாருன்னு. நான் போனா பொம்பளைங்க பேச்ச நிறுத்திடறாங்க. ஓடிப்போனவனுக்கு யாராச்சும் டிவில போடுவாங்களா? நீங்க காணோம்னு சொன்னா, காணோம்னு ஆவும்."

அன்று மாலையே வாசித்தேன். மறுநாளும் வாசித்தேன். வாழ்த்துகளுக்கும் இரங்கலுக்கும் நடுவே ஏழுமலைக்கு ஓர் இடம் நிலையாகிவிட்டது. பச்சையம்மா எதிர் டீக்கடை டிவி முன்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். சில நாள் மேலேறி வந்து ஒரு கை வேர்க்கடலையை என் மேசையில் வைப்பாள். கொஞ்ச நாளில், "ஏதாச்சும் தகவல் வந்துச்சா?" என்று வயலில் பெண்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது. என் குரலால் ஒரு நல்லது நடந்துவிட்டதாக எனக்குப் பெருமை. தகவல் எதுவும் வராததை நான் அவ்வளவாக நினைக்கவில்லை.

அந்தத் தை மாதத்தில் அவள் மகள் சத்யா வயதுக்கு வந்தாள். மஞ்சள் நீராட்டு விழாவைச் செய்தியில் போட வேண்டும் என்று பச்சையம்மா வந்தாள். அழைப்பில் தகப்பன் பெயர் வரும் இடத்தில் கேபிள் அண்ணனின் பேனா நின்றது.

"காணோம்னு தெனம் வர்றவரு பேர்லயே எப்படிம்மா அழைப்பு போடறது? ரெண்டுல ஒண்ணு வெச்சிக்கலாமே."

"ரெண்டும் போடுங்க" என்றாள். "பொண்ணுக்கு அவருதான அப்பா? காணாமப் போனதும் அவருதான?"

அன்று மாலை, "அனைவரும் வருக என அன்புடன் அழைக்கும் ஏழுமலை, பச்சையம்மா" என்று வாசித்தேன். இரண்டு பிறந்தநாள் தள்ளி, ஏழுமலை என்பவரைக் காணவில்லை என்று வாசித்தேன். டீக்கடையில் யாரோ, "கூப்புடறவனையே காணோமாம்டா" என்றது மாடி வரைக்கும் கேட்டது. பச்சையம்மா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். அசையவில்லை.

விழாவுக்குப் போனேன். வாசலில் பந்தல், ஒலிபெருக்கியில் பாட்டு, தாய்மாமன் சீர்த்தட்டுகள். சத்யா பட்டுப் பாவாடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஆலத்தி எடுக்கும் நேரம் வந்தது. பச்சையம்மா தட்டைக் கையில் எடுத்தாள். கூட்டத்தில் ஒரு பெண், "இவ எடுக்கலாமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றிருந்தது.

ஆளாளுக்குப் பேசினார்கள். வந்துவிடுவான் என்றது ஒரு குரல், இத்தனை நாளாகியும் வராதவன் எங்கே வரப்போகிறான் என்றது இன்னொன்று. யாரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, பயந்துதான் பேசினார்கள். பச்சையம்மா தட்டைப் பிடித்தபடியே நின்றாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அப்போது ஏழுமலையின் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, டிவில நீதான தெனம் சொல்ற. உனக்குத் தெரிஞ்சிருக்கும். என் தம்பி உசுரோட இருக்கானா இல்லியா? நீயே சொல்லிடும்மா, நாங்க கேட்டுக்கறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பச்சையம்மாவும் பார்த்தாள். எழுதிக் கொடுத்ததை வாசிப்பவள் நான். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம் என்று பல வருஷம் கழித்துத் தோன்றியது. சொல்லியிருந்தால் அதற்கும் மறுநாள் யாராவது ஆதாரம் கேட்டிருப்பார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். மைக் இல்லாமல் என் குரல் அவ்வளவு சின்னது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

பச்சையம்மா தட்டை நாத்தனார் கையில் கொடுத்தாள். அவளும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து ஆலத்தி எடுத்தார்கள். சத்யா நிமிர்ந்து அம்மாவைத் தேடினாள். அம்மா கூட்டத்துக்குப் பின்னால், சோற்றுப் பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தாள்.

அதன் பிறகும் அறிவிப்பை நிறுத்தச் சொல்லவில்லை அவள். டிவிதான் நின்றுபோனது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. அதில் எங்கள் சேனலுக்கு இடமில்லை என்றார்கள். கேபிள் அண்ணன் எங்கெங்கோ அலைந்துவிட்டு ஒருநாள் அருவித் திரையை மடித்து வைத்தார். நானும் கல்யாணமாகி விழுப்புரம் வந்துவிட்டேன்.

போன வருஷம் ஒரு சாவுக்காக அந்தப் பக்கம் போனேன். உரக்கடை செல்போன் கடையாகியிருந்தது. மாடியே இல்லை, இடித்துவிட்டார்கள். டீக்கடை மட்டும் அதே இடத்தில் இருந்தது. கல்லாவில் வேறு ஆள், வயது கம்மி. பச்சையம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"சத்யா அம்மாவா? பொண்ணோட திருப்பூர் போயிட்டாங்க. போயி ரொம்ப நாளாச்சுங்க. நம்பர் யாருகிட்டயும் இல்ல."

"ஏழுமலை திரும்பி வந்தாரா?"

"எந்த ஏழுமலைங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். மாநிறம், ஒல்லியான உடம்பு, இடது புருவத்தில் தழும்பு, கடைசியாக நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தார். எல்லாம் ஒரு சொல் மாறாமல், அந்தப் பழைய வாசிப்புக் குரலில் அப்படியே வந்தது. அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "இருங்கம்மா" என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.