கன்னத்தைக் கிள்ளி எடை சொல்லும் ஊரில் கல்பனா

திருத்தணியில் ஒரு கைக்குழந்தை நன்றாக வளர்கிறதா என்று அறிய இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று சுகாதார நிலையத்தில் இருக்கும் தராசு. அதை யாரும் நம்புவதில்லை. இன்னொன்று குழந்தையின் கன்னம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வளையல் கடைக்காரர், பஞ்சாமிர்தம் வாங்க வந்தவர் என்று யார் வேண்டுமானாலும் அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கலாம். மேல்முறையீடு கிடையாது.

இந்த நீதிமன்றத்தில் தோற்றவள் கல்பனா. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று சிறு வயதிலேயே தெரிந்துகொண்டதாலோ என்னவோ, வாயே திறக்க மாட்டாள். புருஷன் முருகவேல் ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மாமியார் கோமளவல்லி அடிவாரத்தில் பூக்கட்டி விற்பவள். அவளுக்கு வாய் உண்டு. வீட்டின் மொத்த ஒதுக்கீடும் அவளிடமே சேர்ந்துவிட்டது.

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. கோமளவல்லி மலையேறி முருகனிடம் பேசி முடித்தாள். பிள்ளை பிறந்தால் ஆடிக் கிருத்திகையில் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம். தை மாதம் உதயா பிறந்தாள். முருகன் தன் பங்கை முடித்துவிட்டார். இனி பாக்கி கோமளவல்லியுடையது.

உதயா மெலிந்த வாகு. தாய்ப்பால் குடித்தாள், சிரித்தாள், காலை உதைத்தாள், இரவில் ஊரைக் கூட்டினாள். சுகாதார நிலையத்து நர்ஸ் சௌமியா தராசைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எட ஏறிகினுதான் இருக்குது. தாய்ப்பால் புள்ளைங்க நறுக்குனு இருக்கும், பவுடர் புள்ளைங்க கொஞ்சம் பொதபொதன்னு இருக்கும். அதப் பாத்து பயப்படாத. சளி, பேதின்னு எது வந்தாலும் தாங்குற தெம்பு உன் பால்லதான் இருக்குது. வேற எதுவும் குடுக்காத, ஒரு சொட்டு தண்ணி கூட."

வெளியே வந்ததும் கோமளவல்லி மறுப்புரை வழங்கினாள். "இன்னும் கல்யாணமே ஆவல. பால பத்தி பேசறா."

சித்திரையில் மலைமேல் ஒரு துலாபாரம் நடந்தது. கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் விஸ்வேஸ்வரனின் பேரன் ஷ்யாம் தராசில் உட்கார்ந்தான். தட்டு தொப்பென்று இறங்கியது. எதிர்த்தட்டில் கற்கண்டு வைத்துக்கொண்டே இருந்தார்கள். நின்றவர்கள் வாய்விட்டுப் பாராட்டினார்கள். கூட்டத்தில் கோமளவல்லியும் இருந்தாள். செலவுக் கணக்குப் பார்த்தால் மெலிந்த பிள்ளைதான் லாபம். ஆனால் மானம் வேறு தராசில் நிற்கிறது.

ஷ்யாம் டப்பா பால் குடித்து வளர்பவன். அவன் அம்மா பத்மஜாவுக்குச் சென்னையில் வேலை. விடியலில் ரயிலேறினால் இருட்டித்தான் வருவாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பாட்டி சீதாலட்சுமி. அந்தம்மாள் பாட்டிலைக் கொதிக்கவைப்பாள். பவுடரைக் கத்தி முதுகால் வழித்து, டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு அணுவும் பிசகாமல் கலப்பாள். கோமளவல்லி பூக்கொடுக்கப் போனபோது பார்த்தது கூடத்து அலமாரியில் இருந்த டப்பாவை. கொதிக்கும் பாத்திரம் சமையலறையில் இருந்ததால் அது ஆராய்ச்சிக்கு உட்படவில்லை.

மறுநாள் முருகவேல் டப்பா வாங்கி வந்தான்.

தெருமுனையில் பத்மஜாவைப் பார்த்தபோது கல்பனா விஷயத்தைச் சொன்னாள். பத்மஜா ரயிலுக்குப் போகிற அவசரத்திலும் நின்றாள்.

"உனக்கென்னடி தலையெழுத்து? நான் ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு பிழிஞ்சு கொட்டிட்டு வரேன். எனக்கு வழியில்ல, டப்பா வந்து காப்பாத்தித்து. நீ வீட்டோட இருக்கியே."

"அத்தைகிட்ட சொல்ல முடியாதுக்கா."

"முருகவேல்கிட்ட சொல்லேன்."

"அவரு அத்தைகிட்ட கேட்டுதான் சொல்லுவாரு."

டப்பாவில் அளவு அச்சிட்டிருந்தது. அதைப் படித்துக் காட்டிய முருகவேலிடம் கோமளவல்லி தன் சித்தாந்தத்தை விளக்கினாள். பவுடர் சூடு. வெயில் காலம் வேறு. அத்தனை கரண்டி பச்சைப் பிள்ளைக்குத் தாங்காது, வயிற்றில் கட்டிக்கொள்ளும். ஆகவே பாதி. இது கஞ்சத்தனம் என்று யாராவது நினைத்தால் அது அபாண்டம். பிள்ளையின் வயிறு வெந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு மட்டும்தான். தண்ணீர் மட்டும் பாட்டில் நிறைய. பாட்டிலைக் குழாயடியில் அலசிக் கவிழ்ப்பாள். வேளை தவறியதே இல்லை. பூமாலைக்கு ஆள் காத்திருந்தாலும் பிள்ளைக்குப் பாட்டில் கொடுத்த பிறகுதான் ஊசி எடுப்பாள்.

பிள்ளைக்கு வயிறு நிறைந்தது. நிறைந்த வயிறு தாயைத் தேடவில்லை. கல்பனாவுக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. குளிக்கிற இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு பிழிந்துவிட்டாள். பிறகு வலி குறைந்தது. பிறகு இல்லாமலே போயிற்று. உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இதற்குள் உதயா ஊரின் நன்மதிப்பைப் பெற்றுவிட்டாள். இரவில் அழுவதில்லை. காலை உதைப்பதில்லை. போட்ட இடத்தில் கிடந்தாள். வயிறு உருண்டையாக இருந்தது.

"உன் பேத்தி என்னா சமத்து, சத்தமே இல்ல" என்றாள் பக்கத்து வீட்டு கமலா.

"பால் ஒத்துகிச்சு இல்ல" என்றாள் கோமளவல்லி பெருமையாக. "முன்னல்லாம் பசியில கத்திகினு கெடந்தா பாவம்."

அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளைக்கு ஒரு தெருவே நற்சான்று கொடுத்தது. கல்பனா மட்டும் பிள்ளையின் கையைத் தூக்கிப் பார்ப்பாள். விட்டால் அது தொப்பென்று விழும்.

ஒருமுறை துணிந்து கேட்டாள். "அத்தே, சௌமியாகிட்ட ஒருவாட்டி எட போட்டுகினு வரட்டுமா?"

"கிருத்திகையில சாமி முன்னாடி போடப்போறோம். அதுக்குள்ள கண்டவங்க தராசுல ஒக்கார வெச்சு கண்ணு படணுமா?"

ஆடி பிறந்ததும் பேதி தொடங்கியது. ராத்திரிக்குள் கண் உள்ளே போயிற்று. முருகவேல் காவடிக் கூட்டத்துக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். கோமளவல்லி பிள்ளைக்குத் திருநீறு பூசிக்கொண்டே வந்தாள். கல்பனா பிள்ளையின் மூக்கருகில் விரலை வைத்தபடியே வந்தாள்.

குளுக்கோஸ் ஏற்றிய பிறகு டாக்டர் கேட்டார், பால் எப்படிக் கலக்குவீர்கள் என்று. கோமளவல்லி முன்னால் வந்து விளக்கினாள். சூடு, வயிறு, பாதிக் கரண்டி, நிறையத் தண்ணீர். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது?

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "அம்மா, புள்ள இத்தன நாளா பட்டினி கெடந்திருக்கு. பேதி பாட்டில்ல இருந்து வந்திருக்கும். அதத் தாங்க ஒடம்புல ஒன்னும் இல்ல."

"வேளா வேளைக்கி குடுத்தேனே சார். ஒரு வேள தவறலியே. இவள வேணும்னா கேளுங்க."

எல்லோரும் கல்பனாவைப் பார்த்தார்கள். அவள் தலையை ஆட்டினாள். உண்மைதானே, ஒரு வேளை தவறவில்லை.

உதயா பிழைத்தாள். கிருத்திகை அவள் படுக்கையைத் தாண்டிப் போயிற்று. அன்று முழுக்க ஜன்னல் வழியாக அரோகரா கேட்டது. வெல்லத்தைப் பற்றிக் கோமளவல்லி பேசவில்லை. வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் பூவோ நூலோ இல்லை. ஆனாலும் விரல்கள் எதையோ கட்டிக்கொண்டே இருந்தன.

வீடு திரும்பியதும் சௌமியா வந்தாள். பால் திரும்பி வரும், வராமலும் போகும், முயன்று பார்க்கலாம் என்றாள். டப்பா பாலைச் சரியான அளவில் கொடுக்க வேண்டும், அதோடு பிள்ளையை அடிக்கடி மாரோடு வைக்க வேண்டும். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கோமளவல்லிக்குப் பதில் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

கல்பனா வைத்துப் பார்த்தாள். காலையில், மதியத்தில், தூங்கும்போது, விழித்ததும். உதயா ஒருமுறை வாயை வைப்பாள். பாட்டிலில் வருவதுபோல் உடனே வராது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுவாள். இப்போது நன்றாக அழுகிறாள், தெருக்கோடி வரை கேட்கிறது. கல்பனா மறுபடி திருப்புவாள். பிள்ளை முதுகை வளைத்து அவளைத் தள்ளும். அம்மாவை அல்ல, வராத பாலைத்தான் தள்ளுகிறது என்று சௌமியா சொல்லியிருந்தாள். தள்ளும்போது அப்படித் தெரிவதில்லை.

இப்போதெல்லாம் கோமளவல்லி பாட்டிலைக் கொதிக்கவைக்கிறாள். பவுடரை வழித்துப் போடுகிறாள். சந்தேகம் வந்தால் கொட்டிவிட்டு மறுபடி அளக்கிறாள். கலந்ததைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு வெளியே நிற்கிறாள். அறைக்குள் வருவதில்லை. மருமகளைக் கேட்டுச் செய்கிற பழக்கமும் வந்திருக்கிறது. அந்த வீட்டில் நடந்த ஒரே சீர்திருத்தம் இது.

அன்று உதயா வெகுநேரம் அழுதாள். பிறகு சத்தம் நின்றது. வெளியிலிருந்து கோமளவல்லி பயந்த குரலில் கேட்டாள்.

"குடிக்கிறாளா, கல்பனா?"

கல்பனா ரவிக்கையை மூடிக்கொண்டாள். மடியில் உதயா பாட்டிலைச் சப்பிக்கொண்டிருந்தாள், கண்ணை மூடி, வேக வேகமாக.

"ஆங், குடிக்கிறா அத்தே."

எதை என்று கோமளவல்லி கேட்கவில்லை.