இழுத்தாலும் தள்ளினாலும் ஒரே சுரம்

அரியலூர் ஸ்டேஷனில் சிக்னல் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். குன்னத்திலிருந்து வந்த கோபால், "நம்ம ஆர்மோனியப் பெட்டிக்காரர் போயிட்டாருங்க. காய்ச்சல்தான்" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம். மார்கழி வரப்போகிறது. இப்போதா போவது?

குன்னம் பஜனைக் கோஷ்டியாருக்கு ராஜமாணிக்கம் அண்ணனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆர்மோனியப் பெட்டியைத் துண்டில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெருத்தெருவாகப் பாடியபடி நடந்தவர். குடலிறக்கம் வந்ததும், இனி அந்தப் பாரம் கூடாது என்று டாக்டர் கண்டித்துவிட்டார். "உட்கார்ந்து வாசிங்களேன்" என்றேன். "கோஷ்டி நடக்கும், நான் மட்டும் உக்காரணுமா? அதுக்குப் பாடாமலே இருந்துடலாம்" என்றார். சும்மா சொல்லவில்லை, முகம் அப்படி இருந்தது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய சோல்ஜர்கள் விற்றுவிட்டுப் போன வாத்தியங்கள் திருச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். இரண்டு கிடைத்தன. ஒன்று மார்பில் மாட்டித் துருத்தியை இழுத்து வாசிக்கும் பொத்தான் அக்கார்டியன். சிப்பி பதித்துப் பளபளவென்று மின்னியது. இன்னொன்று கான்சர்ட்டினா, ஆறு மூலை, இரண்டு கைக்கு நடுவே அடங்கும் துருத்தி, கறுத்துப்போன மரம். அண்ணன் அக்கார்டியனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கட்டையே காணோம், சட்டைப் பொத்தானா இருக்கே! ஆனா அழகுடா தம்பி!"

நான் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன். "அண்ணே, இந்த அக்கார்டியன் ஆகாது. ஒரே பொத்தான், தள்ளினா ஒரு சுரம், இழுத்தா வேற சுரம்."

அவர் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு "கோவிந்தா" என்று நீட்டினார். பாதியில் துருத்தியில் காற்று முடிந்தது, திருப்பினார், சுரம் ஒரு படி எகிறியது. விடாமல் அண்ணனும் கூடவே எகிறினார்! கடைக்கார பாய் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்: "உங்க கோவிந்தன் மாடிக்கே போயிட்டாரே!"

கான்சர்ட்டினாவைக் கையில் திணித்தேன். துருத்தியை எந்தப் பக்கம் திருப்பினாலும் சுரம் அசையவில்லை. ஆனால் ச இடது கையில், ரி வலது கையில், க மறுபடி இடது கையில். ஆர்மோனியத்தில் வலது கையாலேயே வாசித்துப் பழகியவர் திகைத்துப்போனார்.

"என்னடா இது, புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊரா?"

"சீக்கிரம் சொல்லுங்க, ரயில் போயிடும்."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பளபளப்பை ஒருமுறை தடவிவிட்டு, கறுப்பை எடுத்தார். "கை கத்துக்கும், காத்து கத்துக்காது. இதையே கட்டச் சொல்லு."

ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டார். எதிரே இருந்தவர்கள் வேறு பெட்டிக்கு ஓடினார்கள்.

அந்த வருஷ மார்கழி முதல் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "என்ன அண்ணே, கூண்டு விளக்கா?" என்று பிள்ளையார் கோயில் முனையில் உங்களில் யாரோ கிண்டல் செய்தார். அவர் "கோவிந்தா" என்று நீட்டினார். துருத்தி திரும்பியது, மறுபடி திரும்பியது. சுரம் கம்பி போல் நின்றது. முனை திரும்பி, அடுத்த தெருவுக்குள் நுழையும்வரை நின்றது. நான் செருப்பை விட்டுவிட்டுக் கூடவே ஓடினேன்.

போன வாரம் அண்ணி அந்தக் கான்சர்ட்டினாவை என் கையில் கொடுத்து, "பொறுக்கி எடுத்தது நீங்கதானே தம்பி" என்றார்கள். வாங்கிக்கொண்டேன். எனக்குப் பாட வராது, யாராவது பாடுங்கள். கான்சர்ட்டினாவோடு நான் வருகிறேன். ச இடது, ரி வலது. தப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நடையை மட்டும் நிறுத்தாதீர்கள். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வாத்தியத்தோடு அந்த ஒரு வார்த்தையும்தான்: கை கத்துக்கும்.