பச்சை என்றால் போகலாமா?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. மலையாள எல்லையோர ஊரான கொல்லங்கோட்டில் ஒரு டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவில் நான் வரைந்து கொடுத்த உலக மேப். எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கலரிலேயே சொல்லும் மேப்.

அந்தக் கலருக்காக நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரிய வேண்டுமே... கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக்கூடப் பார்த்தேன். அடர் பச்சை — விசா வேண்டாம். வெளிர் மஞ்சள் — வேண்டும். விளக்கம் மூலையில், பொடி எழுத்தில், மலையாளத்தில் மட்டும். கலரே பேசும்போது எழுத்து எதற்கு என்ற திமிர்தான்.

வடகரப்பதி மாரப்பண்ணன் உள்ளே வந்தார். மாங்காயும் தக்காளியும் விளைவிக்கிற விவசாயி. மலையாளம் பேசுவார், படிக்க வராது. கையில் பாஸ்போர்ட், நிலவரி ரசீது, பேங்க் பேப்பர் என்று ஒரு கட்டு. மலேசியாவில் அவர் தம்பி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், உடனே விசா எடுக்க வேண்டும் என்றார்.

“மலேசியாவுக்கு இப்ப விசா வேண்டாமே. பாஸ்போர்ட் இருந்தா இன்னிக்கே போலாம்” என்றார் கடைக்காரர்.

அண்ணன் திரும்பிக் கதவைப் பார்த்தார். “சனிக்கெழமை சாயங்காலமே வந்தனுங்க. கடை பூட்டியிருந்துச்சு. விசாப் படம்னு தெரியும், தம்பி இருக்கற மலேசியா எதுன்னும் தெரியும். அது பச்சையா இருந்துச்சுங்களா... காயாட்ட இருக்குது, இன்னும் ஆகலைன்னு நெனச்சு, பேப்பரெல்லாம் எடுக்க ஊட்டுக்குப் போயிட்டனுங்க. மஞ்சளா இருக்கறதுதானுங்களே பழுத்தது?”

“சிக்னல்ல பச்சைன்னா போலாம்தானுங்கண்ணா” என்றேன், அசட்டுத்தனமாக.

“நம்மூர்ல சிக்னல் ஏதுங்க?”

அன்றைக்கே டிக்கெட் போட்டோம். கொச்சி ஏர்போர்ட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது போன் வந்ததாம். தம்பி போய்விட்டார்.

பச்சைக்கு எல்லாருக்கும் ஒரே அர்த்தம் என்று எனக்கு யார் சொன்னது? தோட்டத்தில் நாள் முழுக்க நிற்கிற மனுஷனுக்குப் பச்சை என்றால் ‘பொறு’ என்றுதானே அர்த்தம்? என் மூளைக்கு ஏன் அது எட்டவில்லை? சனிக்கிழமையே புரிந்திருந்தால் வேறெங்காவது டிக்கெட் போட்டு அன்றே கிளம்பியிருப்பார்.

மலேசியாவில் காரியங்கள் முடிந்து ஊர் திரும்பியவர், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்தார். நான் அங்கே புது மேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். “என் தப்புங்கண்ணா” என்றேன்.

“உங்களைச் சொல்லி என்னங்க... ‘அண்ணன் கெளம்பியாச்சா’ன்னு ஞாயித்துக்கெழமை பூராக் கேட்டுட்டே இருந்தானாமுங்க.”

புது மேப்பில் மலேசியாவின் பெயருக்குக் கீழே தமிழில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன் — ‘விசா வேண்டாம்’. அண்ணன் பக்கத்தில் போய், எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“இப்பப் புரியுதுங்க” என்றார்.