ஏழுமலை காலி செய்த ரூட் சர்டிபிகேட்டுகள்

1. போன்

பௌர்ணமி அன்று திருவண்ணாமலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் ஆகாது என்பது என் நெடுநாள் நம்பிக்கை. ஊரே கிரிவலம் போய்க்கொண்டிருக்கும்போது பிரிண்டர் சரியில்லை என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து ஜன்னல் வழியே மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அரைத் தூக்கம் என்றும் சொல்லலாம். அப்போது போன் வந்தது.

"மேடம், சீக்கிரம் வாங்க. பூட்டுப் போட்ட சைட்டு எதைத் திறந்தாலும் மஞ்ச முக்கோணம் போட்டு மிரட்டுது. இங்க ஒரு பொண்ணு அழுதுட்டு இருக்கு. எஸ் பட்டனை அமுக்கிட்டுப் போகச் சொல்லட்டுமா?"

பேசியவர் ஏழுமலை. அடி அண்ணாமலைக்காரர். செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் பக்கம், மாடியில் வாடகை அறைகளும் கீழே ஒரு பிரவுசிங் சென்டரும் வைத்திருந்தார். அறை கேட்டு யார் வந்தாலும் அவருடைய முதல் கேள்வி, "யார் சொல்லி வந்தீங்க?" ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சொன்னால்தான் சாவி கிடைக்கும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் மசியமாட்டார்.

"அமுக்காதீங்க சார். அந்தப் பொண்ணுகிட்டயும் எதையும் டைப் பண்ண வேணாம்னு சொல்லுங்க. நான் வர்றேன்" என்றேன்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சில வாரங்களுக்கு முன்பு அவருடைய மெஷின் ஒன்றில் டிரஸ்டட் ரூட் என்ற நம்பிக்கைப் பட்டியலில் ஒரு புதுப் பெயரைப் பார்த்தேன். மாடியில் தங்கியிருந்த ஒருவர் எதற்கோ ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துவிட்டு ஏழுமலைக்கு விளக்கினேன். ஒரு வெப்சைட் "நான் இன்னார்தான்" என்று ஒரு சர்டிபிகேட் காட்டும். அதில் கையெழுத்துப் போட்டவர் நம் பட்டியலில் இருந்தால் மெஷின் நம்பிவிடும். கண்டவர் பெயர் பட்டியலில் இருந்தால், போலி சைட்டுக்கும் பூட்டுப் படம் வந்துவிடும். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவர் அவ்வளவு கவனமாகக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்கலாம்.

2. நடை

செங்கம் ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். என் மொபெட்டை ஒரு டீக்கடை ஓரம் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்தேன். கைப்பையில் ஒரு பென் டிரைவ். அதில் எங்கள் சென்டர் மெஷினிலிருந்து எடுத்த ரூட் சர்டிபிகேட்டுகள், அதாவது அந்தக் கையெழுத்துக்காரர்களின் சர்டிபிகேட்டுகள், எல்லாம் இருந்தன.

அந்த நடையை இப்போது நினைத்தாலும் கனவு மாதிரித்தான் இருக்கிறது. வலது பக்கம் மலை கூடவே வந்தது. முன்னால் போனவர்கள் யாரும் யாரையும் முந்தவில்லை. அவசரமாகப் போக வேண்டிய நான்கூட அந்த வேகத்துக்கு அடங்கிவிட்டேன். கற்பூர வாசனையும் வெந்த வேர்க்கடலை வாசனையும் மாறி மாறி வந்தன. எங்கே போகிறேன் என்பதே சற்று நேரம் மறந்துவிட்டது. பக்கத்தில் வந்த அம்மா, "எந்த ஊரும்மா நீ?" என்று கேட்டபோதுதான் நினைவு திரும்பியது.

3. தனக்குத்தானே சிபாரிசு

அழுதுகொண்டிருந்த பெண்ணின் பெயர் கலைவாணி. கீழ்பென்னாத்தூரில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. சம்மதம் என்று அவர்கள் சைட்டில் அன்று மாலைக்குள் பதிவு செய்ய வேண்டும்.

"இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்க்கா. இதுக்கு முன்னாடி போன இன்டர்வியூ எதுலயும் என் பேரே வரல" என்றாள்.

வேறு சென்டருக்கும் போக முடியாது. பௌர்ணமி என்றால் மற்றவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு இளநீர் விற்கப் போய்விடுவார்கள்.

நான் ரூட் பட்டியலைத் திறந்தேன். துடைத்து வைத்த மாதிரி காலி.

"சார், இதுல இருந்தவங்கல்லாம் எங்க?"

"நான்தான் மேடம் காலி பண்ணேன், எல்லா மெஷின்லயும்" என்றார் ஏழுமலை பெருமையாக. "ஒவ்வொண்ணா திறந்து பாத்தேன். யாருக்குக் கொடுத்ததுன்னு ஒரு பேரு. யார் கொடுத்ததுன்னு பாத்தா அதே பேரு! தனக்குத்தானே சிபாரிசு பண்ணிக்கிறான். அப்படி ஒருத்தன் ரூம் கேட்டு வந்தா உடுவனா?"

"எடுத்தா சிலது வேலை செய்யாதுன்னு மெஷின் சொல்லியிருக்குமே?"

"சொல்லுச்சு. காலி பண்ணும்போது எவன்தான் மிரட்டாம போறான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "சார், சிபாரிசு மேல சிபாரிசா போய்க்கிட்டே இருந்தா கடைசில ஒருத்தர் நிக்கணும் இல்ல? அவருக்கு மேல ஆள் கிடையாது. அவரே அவருக்குக் கையெழுத்து. அதனாலதான் ரூட்டுன்னு பேரு."

அவர் வாசல் வழியே வெளியே பார்த்தார். "அப்ப மலை மாதிரின்னு சொல்லுங்க. அதுக்கு யாரு சிபாரிசு?"

"மலை கண்ணுக்குத் தெரியுது சார். இது தெரியாதே. யாராவது சரிபார்த்துதான் உள்ள உடணும்."

"யாரு?"

"இன்னிக்கு நான்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் பென் டிரைவில் இருந்தது எங்கள் சென்டர் மெஷினின் பட்டியல். அந்த மெஷினிலும் பல கைகள் பட்டிருக்கும். ஆஸ்பத்திரி சைட்டுக்குக் கையெழுத்துப் போட்ட ரூட் எது என்று பார்த்து, அதை மட்டும் முதலில் எடுத்தேன். ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் கைரேகை போல ஒரு நீண்ட எழுத்து வரிசை உண்டு. தம்ப்பிரிண்ட் என்போம். வேலூரில் ஒரு ஆபீஸில் சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்த என் சிநேகிதி சாந்திக்குப் போன் போட்டு, அவள் மெஷினில் இருந்ததைப் படிக்கச் சொன்னேன்.

அவள் இரண்டு இரண்டு எழுத்தாகப் படித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். வெளியே கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தில் ஒரு எழுத்து தவறியது. "அதெல்லாம் சரியாத்தான்டி இருக்கும், உடு" என்றாள் சாந்தி. எனக்கு மனசு கேட்கவில்லை. முதலிலிருந்து படிக்கச் சொன்னேன். கலைவாணி கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழுமலை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இந்த முறை கடைசி எழுத்து வரை பொருந்தியது.

ரூட்டை ஏற்றினேன். பக்கத்தை மறுபடி திறந்ததும் எச்சரிக்கை இல்லை. மூலையில் பூட்டுப் படம் வந்தது. கலைவாணியிடம் அதைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போலாமாக்கா?"

"போலாம்" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் தன் பாஸ்போர்ட்டை விரித்து டைப் செய்ய ஆரம்பித்தாள். பதிவாகிவிட்டது என்று பதில் வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. மற்ற ரூட்டுகளையும் சாந்தியோடு சரிபார்த்து ஏற்றிவிட்டு நான் கிளம்பும்போது நிலா மேலே வந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ரூட்டைப் பட்டியலில் சேர்க்கும்போது, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவள் அந்த அறையில் இருக்கமாட்டாள். நீங்கள் யார் என்றே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் உங்களை நம்பித்தான் டைப் செய்துகொண்டிருப்பாள்.